ஓய்வு எடுத்தால் போதுமா? இரட்டைக் கர்ப்பத்தின் களைப்பும் ஒரு மருத்துவ வரலாறும்

வயிற்றில் ஒரு குழந்தை இருந்தாலே ஏழாம் மாதத்தில் மூச்சு வாங்கும், கால் வீங்கும், இரவில் தூக்கம் வராது. இரண்டு குழந்தைகள் இருந்தால்? எல்லாமே முன்கூட்டியே வரும், கூடுதலாகவும் வரும். மசக்கை அதிகம், நெஞ்செரிச்சல் அதிகம், முதுகுவலி அதிகம், எல்லாவற்றையும் விடக் களைப்பு அதிகம்.

இப்படிக் களைத்துப் போன பெண்ணுக்கு வீட்டில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பேசாமல் படுத்துக்கொள்." சுமார் நூறு வருடங்களுக்கு முன்பிருந்து பெரிய பெரிய மருத்துவர்களும் இதையேதான் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல், பெண்களை வாரக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவும் வைத்தார்கள். அது குழந்தைகளைக் காப்பாற்றியதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதில் வந்த இடம் லண்டனோ நியூயார்க்கோ அல்ல, ஆப்பிரிக்காவில் உள்ள ஹராரே நகரம்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில் இந்தக் களைப்பு ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

சாதாரணக் கர்ப்பத்தில் தாயின் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் இது 50 முதல் 60 சதவீதம் வரை போகும். இவ்வளவு இரத்தத்தையும் சுற்ற வைக்க வேண்டியது அதே பழைய இதயம்தான். ஒரு குழந்தையைச் சுமக்கும் தாயின் இதயத்தை விட இரட்டையரைச் சுமக்கும் தாயின் இதயம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாக வேலை செய்கிறது. அவள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் உடம்பு சும்மா இருப்பதில்லை.

இரத்தம் கூடுகிறது என்றால் பலமும் கூட வேண்டும் அல்லவா? அங்குதான் சிக்கல். கூடுவதில் பெரும்பகுதி நீர் போன்ற பிளாஸ்மாதான். சிவப்பணுக்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை. போதாக்குறைக்கு இரண்டு குழந்தைகளும் தங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் தாயிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இரத்தசோகை எளிதில் வந்துவிடும். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், காலையில் எழும்போதே சோர்வாக இருப்பதும் பல சமயம் இதனால்தான்.

மசக்கைக்கும் காரணம் உண்டு. நஞ்சு சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இரட்டைக் கர்ப்பத்தில் அதிகம் இருக்கும். புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோன் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்திவிடுவதால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். பெரிதாகிவிட்ட கர்ப்பப்பை கீழிருந்து தள்ளுவதால் ஒரு தோசைக்கு மேல் சாப்பிட முடியாமல் போகும். ஆனால் பசியோ இரண்டு பேருக்கானது!

ஒரு ராணியின் கையெழுத்து

இரட்டைப் பிள்ளை சுமப்பதன் வேதனை பழங்கதைகளிலேயே இருக்கிறது. பைபிளில் ரெபெக்காள் வயிற்றில் ஏசாவும் யாக்கோபும் முட்டி மோதுகிறார்கள். அந்தத் தொல்லை தாங்காமல் அவள் கடவுளிடமே போய்க் கேட்கிறாள். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் பெயரில் உள்ள சூத்திரங்களில் ஒரு விசித்திரமான குறிப்பு உண்டு. இரட்டையரைச் சுமக்கும் பெண்ணின் ஒரு மார்பு வற்றினால் ஒரு குழந்தை கலைந்துவிடும், வலது மார்பு என்றால் ஆண், இடது என்றால் பெண் என்கிறது அது. நோயைக் கண்டறியக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதை ஊகித்தார்கள்.

வரலாற்றில் இந்த உடல் துன்பம் அரசியலையே மாற்றிய சம்பவமும் இருக்கிறது. ஸ்காட்லாந்து ராணி மேரி 1567ஆம் ஆண்டு லாக்லெவன் என்ற ஏரிக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டாள். அங்கே அவளுக்கு இரட்டைக் கரு கலைந்தது என்று அவளுடைய செயலாளர் க்ளோத் நோ எழுதி வைத்திருக்கிறார். நிறைய இரத்தம் இழந்து படுக்கையில் கிடந்த அவளிடம் பிரபுக்கள் முடிதுறப்புப் பத்திரத்தை நீட்டினார்கள். ஜூலை 24 அன்று அவள் கையெழுத்துப் போட்டாள். எழுந்து நிற்கும் நிலையில் இருந்திருந்தால் அவள் வேறு விதமாக நடந்திருப்பாளோ என்னவோ. ஆனால் எதிரிகள் அந்த நேரத்தைத் தவறவிடவில்லை.

இரண்டு இதயத் துடிப்புகள்

வயிற்றில் இருப்பது இரண்டு என்றே தெரியாவிட்டால் தாயை எப்படிக் கவனிப்பது? பல நூற்றாண்டுகளாகப் பெண்கள் பிரசவ வலி வந்து, ஒரு குழந்தை பிறந்த பிறகுதான் "இன்னொன்றும் இருக்கிறது" என்று தெரிந்துகொண்டார்கள். அதுவரை அவர்கள் பட்ட அத்தனை அவதிக்கும் காரணமே தெரியாது.

1816ல் பிரான்ஸில் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். 1821 டிசம்பரில் அவருடைய நண்பர் கெர்காராதெக் கர்ப்பிணியின் வயிற்றில் அதை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டதைப் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் அறிவித்தார். இரட்டைக் குழந்தைகளைக் கண்டுபிடிக்கவும் இது உதவும் என்று அவர் எதிர்பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் அவருடைய முழுப் பெயரில் "ல ழுமோ" என்ற சொல் உண்டு. பிரெஞ்சு மொழியில் அதற்கு அர்த்தமே "இரட்டையர்களில் ஒருவன்" என்பதுதான்!

அடுத்து எக்ஸ்-ரே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வயிறு பெரிதாகத் தெரிந்த கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்-ரே எடுப்பது வழக்கமாகியது. இரண்டு முதுகெலும்புகள் படத்தில் தெரிந்தால் இரட்டை. ஆனால் 1956லும் 1958லும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் ஓர் அதிர்ச்சியான உண்மையை வெளியிட்டார். கருவிலிருந்தபோது எக்ஸ்-ரே பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மருத்துவ உலகம் அவரை உடனே நம்பவில்லை. பல வருடங்கள் கழித்தே ஏற்றுக்கொண்டது.

அதே 1958ல் கிளாஸ்கோவில் இயான் டொனால்டும் அவருடைய குழுவும் அல்ட்ராசவுண்ட் பற்றிய முதல் முக்கியக் கட்டுரையை வெளியிட்டார்கள். கப்பல் கட்டும் ஊரில், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியிலிருந்து பிறந்ததுதான் இன்று எல்லோரும் "ஸ்கேன்" என்று சொல்லும் விஷயம். 1970களில் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே இரட்டைக் குழந்தைகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. முன்கூட்டியே தெரிந்துவிட்டது, சரி. தெரிந்த பிறகு என்ன செய்வது?

கட்டிலே மருந்து

அதற்கான விடை மருத்துவர்களிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஓய்வு!

19ஆம் நூற்றாண்டில் ஓய்வு ஒரு பெரிய சிகிச்சையாகக் கருதப்பட்டது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860களில் இதைப் பற்றித் தொடர் சொற்பொழிவே நடத்தினார். உடைந்த எலும்பு அசையாமல் இருந்தால் கூடுகிறது. அப்படியானால் மற்ற உறுப்புகளுக்கும் அதுதானே நல்லது என்பது அவருடைய வாதம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வியர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர் சோர்வடைந்த பெண்களுக்கு "ஓய்வுச் சிகிச்சை" கொடுத்தார். வாரக்கணக்கில் படுக்கை, நிறையப் பால், எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. அந்தச் சிகிச்சைக்கு ஆளான சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர் பைத்தியத்தின் விளிம்புவரை போய் வந்ததாகச் சொன்னார். 1892ல் வந்த அவருடைய புகழ்பெற்ற "மஞ்சள் சுவர்த்தாள்" கதை அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான்.

இரட்டைக் கர்ப்பத்துக்கும் இதே தர்க்கம் வந்து சேர்ந்தது. இரட்டையர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 37 வாரங்களுக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் முழுதாக வளர்ந்திருக்காது. அந்தக் காலத்தில் பல குழந்தைகள் சில மணி நேரத்திலேயே இறந்தன. தாய் நடமாடினால் கர்ப்பப்பையின் வாய் மீது பாரம் விழும், படுத்தால் பாரம் குறையும், இரத்தமும் குழந்தைக்கு நன்றாகப் போகும். கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது! 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளில் இரட்டைக் கர்ப்பிணிகளை ஏழாம் எட்டாம் மாதத்தில் மருத்துவமனையில் சேர்த்துப் படுக்க வைப்பது நடைமுறையாகிவிட்டது.

ஸ்வீடனின் மல்மோ நகரம் இதில் பெயர் பெற்றது. 1970களில் அங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இரட்டை என்று தெரிந்தவர்களுக்கு ஓய்வும் நெருக்கமான கண்காணிப்பும் கொடுத்தார்கள். குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. எல்லோரும் "ஓய்வின் வெற்றி" என்று கொண்டாடினார்கள்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மல்மோவில் மாறியது ஓய்வு மட்டும்தானா? ஸ்கேன் வந்தது, முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள், அடிக்கடி பரிசோதித்தார்கள், பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் கூடியது. இதில் எது குழந்தைகளைக் காப்பாற்றியது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

எதிர்க்குரல்கள்

படுக்கையைச் சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். 1947ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் "படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள்" என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும், தசை வற்றும், எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கும், மனம் சோர்ந்து போகும் என்று தலை முதல் கால் வரை அடுக்கினார்.

1966ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஐந்து ஆரோக்கியமான கல்லூரி மாணவர்களை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். இருபது வயது இளைஞர்கள்! மூன்று வாரத்தில் அவர்களுடைய இதயத்தின் திறன் சரிந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தை விட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் பெரிது என்று தெரிந்தது.

இளைஞர்களுக்கே இப்படி என்றால், இரண்டு குழந்தைகளைச் சுமந்து இதயம் திணறிக்கொண்டிருக்கும் பெண்ணை எட்டு வாரம் படுக்க வைத்தால்? களைப்பைப் போக்கக் கொடுத்த மருந்தே களைப்பைக் கூட்டியிருக்கும். எழுந்து நடந்தால் கால் நடுங்கும். அதைப் பார்த்து "பார்த்தாயா, உனக்கு இன்னும் ஓய்வு வேண்டும்" என்று மறுபடி படுக்கச் சொல்லியிருப்பார்கள்!

ஹராரேயில் ஒரு சோதனை

ஜிம்பாப்வே 1980ல் விடுதலை பெற்றது. அதன் தலைநகர் ஹராரேயின் மகப்பேறு மருத்துவமனையில் ஆப்பிரிக்காவின் மற்ற பல இடங்களைப் போலவே இரட்டைப் பிரசவங்கள் நிறைய. எல்லோரையும் வாரக்கணக்கில் கட்டிலில் வைத்துக்கொண்டால் கட்டில் போதாது. வீட்டில் மற்ற குழந்தைகளை விட்டுவிட்டு வரும் தாய்மார்களுக்கும் அது சாதாரண விஷயம் அல்ல. ஆகவே அங்குள்ள மருத்துவர்கள் நேரடியான ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

212 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 32ஆம் வாரத்திலிருந்து மருத்துவமனையில் ஓய்வு. மற்றது வழக்கம்போல வீட்டில், பரிசோதனைக்கு மட்டும் வந்து போக வேண்டும். சீட்டுக் குலுக்குவது ஏன் முக்கியம்? மருத்துவரே தேர்ந்தெடுத்தால் தெரியாமலேயே பலவீனமானவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். குலுக்கினால் இரு பக்கமும் சமமாக இருக்கும். மல்மோவில் பிரிக்க முடியாததை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

1985ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. மாறாக அவர்களுக்குத்தான் அது அதிகமாக இருந்தது!

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. அதன் பிறகு கரோலின் க்ரவுதர் என்ற மருத்துவர் ஹராரேயிலேயே மேலும் சில சோதனைகளை நடத்தினார். பின்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சோதனைகள் நடந்தன. எல்லாவற்றையும் அவர் காக்ரேன் தொகுப்பில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். ஏழு சோதனைகள், 713 தாய்மார்கள், 1452 குழந்தைகள். குழந்தைகளின் எடை கொஞ்சம் கூடியிருக்கலாம் என்ற அறிகுறி மட்டும் இருந்தது. ஆனால் குறைமாதப் பிரசவமும் குழந்தை இறப்பும் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. இன்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் உட்படப் பல அமைப்புகள் இரட்டைக் கர்ப்பம் என்பதற்காக மட்டும் படுக்கை ஓய்வு வேண்டாம் என்கின்றன.

இதில் கணக்கில் வராத ஒரு துன்பமும் உண்டு. தண்ணீர் எடுக்கவோ பிள்ளைக்குச் சோறு போடவோ ஒரு நிமிடம் எழுந்த தாய், குழந்தை சீக்கிரம் பிறந்து இறந்துபோனால் "நான் எழுந்ததால்தான்" என்று வாழ்நாள் முழுவதும் நினைத்திருப்பாள். படுத்திருந்தாலும் அந்தப் பிரசவம் நின்றிருக்காது என்பதை அவளுக்குச் சொல்ல அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பம்பாய், குன்னூர், சென்னை

களைப்பின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அது நம் ஊருக்கு மிகவும் நெருக்கமானது.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் பயங்கரமான இரத்தசோகையால் வெளுத்துப்போய், நிற்க முடியாமல் வந்தார்கள். பலர் இறந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஓய்வுச் சிகிச்சை தரவில்லை. ஆலைச் சங்கு ஊதினால் போக வேண்டும், அவ்வளவுதான்.

லூசி வில்ஸ் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய்கறி, பழம், பால் எல்லாம் மிகக் குறைவு. அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கப்பட்ட மருத்துவமனையிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஒரு கட்டத்தில் நோயுற்ற குரங்கு ஒன்றுக்கு "மார்மைட்" கொடுத்துப் பார்த்தார். பீர் காய்ச்சிய பின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான பொருள் அது. குரங்கு பிழைத்தது. கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார். சில நாட்களில் அவர்களுடைய இரத்தம் தேற ஆரம்பித்தது. 1931ல் இதை வெளியிட்டார்.

ஈஸ்ட்டில் இருந்த அந்த மர்மப் பொருளுக்கு "வில்ஸ் காரணி" என்று பெயர் வந்தது. 1941ல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வில்ஸ் தேடியது இந்தச் சத்தைத்தான் என்று பிறகு தெரிந்தது. 1940களின் நடுவில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்!

ஃபோலிக் அமிலக் குறைவு இரட்டைக் கர்ப்பத்தில் இன்னும் எளிதாக வரும் என்பதை ஏற்கெனவே பார்த்தோம். இந்தியாவில் 1970ல் தொடங்கிய தேசிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. "மலம் கறுக்கிறது, குமட்டுகிறது" என்று பலர் தூக்கிப் போடும் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் பம்பாய் ஆலைப் பெண்களின் கதை இருக்கிறது.

மிஞ்சியது என்ன?

அப்படியானால் ஓய்வே வேண்டாமா? அப்படி இல்லை. களைத்தபோது உட்காருவதும் தூக்கம் வந்தபோது தூங்குவதும் வேறு, நடக்கவே கூடாது என்று கட்டிலில் கட்டிப்போடுவது வேறு. தவறாகிப் போனது இரண்டாவதுதான். இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம் போன்ற சிக்கல் இருப்பவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மற்றபடி காலம் சோதித்து விட்டுவைத்தவை எல்லாம் எளிய விஷயங்கள்தான். மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை முதுகை ஒட்டிய பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும் என்று 1953லேயே விவரித்தார்கள். ஆகவே ஒருக்களித்துப் படுப்பது, கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்வது. உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது. மெதுவாக நடப்பது. மாத்திரையை விடாமல் சாப்பிடுவது.

இன்னொன்று, வேலையிலிருந்து விடுப்பு. 1919ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு முதல் பேறுகால உடன்படிக்கையைக் கொண்டு வந்தபோது பிரசவத்துக்கு முன் ஆறு வாரம் விடுப்புக் கேட்கும் உரிமை வந்தது. இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1929லேயே சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1961ல் வந்து, 2017ல் 26 வாரமாக உயர்ந்தது. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சட்டம் எட்டுவதே இல்லை.

ஒரு காலத்தில் வசதி உள்ள பெண்களை எழவே விடவில்லை. வசதி இல்லாத பெண்களை உட்காரவே விடவில்லை. இருவரிடமும் "உனக்கு எப்படி இருக்கிறது, என்ன வேண்டும்?" என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை இரண்டு உயிரைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நடந்து வரும் ஒரு பெண்ணைப் பேருந்தில் பார்த்தால் அறிவுரை எதுவும் வேண்டாம். எழுந்து இடம் கொடுங்கள், அவள் கையில் இருக்கும் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.